ஆறாம் வகுப்பு, மதிய ஷிப்ட்

சாவி மேசையின் இடப்பக்க இழுப்பறையில்.
இழுத்தால் வராது. முழங்காலால் ஒரு தட்டு.

ஜானிஷ் அகாய்,
நாரின் பஸ் டிப்போவில் முப்பது வருஷம்
வண்டிகளை நேரத்துக்கு அனுப்பியவர் நீங்கள் என்று
தலைமையாசிரியை சொன்னார்.
நான் பிள்ளை பெற்றுத் திரும்பும்வரை
இந்த முப்பத்து நான்கு பேரும் உங்கள் பொறுப்பு.
மணி அடித்தால் புறப்படுகிறவர்கள் இல்லை இவர்கள்,
வீட்டுக்குப் போகும் மணியைத் தவிர.

நினைவுக்கு வருகிற வரிசையில் எழுதுகிறேன்.

ஜனவரியில் ஜன்னலோர வரிசை விறைத்துப்போகும்.
ரேடியேட்டர் பக்கம் சூடு, ஆகவே தூக்கம்.
திங்கள்தோறும் இடம் மாற்றுங்கள்.
முதல் வாரம் முணுமுணுப்பார்கள்.
அப்புறம் அவர்களே கணக்கு வைத்துக்கொண்டு
உங்களுக்கு நினைவூட்டுவார்கள்.
நியாயம் பற்றி நான் பேசிய பேச்சுகளைவிட
ஒரு பழைய இரும்புக் குழாய்
அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

கத்தாதீர்கள்.
டிப்போவில் கத்தித்தான் ஆகவேண்டும், தெரியும்.
இங்கே குரல் ஏறினால் அவர்கள் குரலும் ஏறும்,
ஏலம் மாதிரி.
ஏலத்தில் ஜெயிப்பது எப்போதும் முப்பத்து நான்கு பேர்.
நான் குரலைக் கீழே இறக்குவேன்,
கடைசி பெஞ்ச் காதைத் தீட்டிக்கொள்ளும்வரை.
சில நாள் அதுவும் பலிக்காது.
அன்றைக்கு ஜன்னலை ஒரு நிமிஷம் திறந்துவிடுங்கள்.
மைனஸ் இருபதில் யாருக்கும் பேச்சு எழாது.

கணக்குப் புத்தகம் ரஷ்ய மொழியில்,
சண்டை மட்டும் கிர்கிஸில்.
விடையை எந்த மொழியில் எழுதினாலும்
காரணத்தைச் சண்டை போடும் மொழியில் சொல்லவிடுங்கள்.

கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஏழு எண்ணுங்கள்.
மூன்றிலேயே உங்களுக்கு நாக்கு அரிக்கும்.
நான்கில் பெர்மெட்டின் கை எழும்,
பார்க்காததுபோல் இருங்கள்.
ஒருநாள் ஆறு எண்ணும்போது
அக்டோபரிலிருந்து வாய் திறக்காத துலேகன்
"பின்னத்தைக் கவிழ்க்கணும்" என்றான்.
நான் கேட்டிருந்தது அரையையும் காலையும் கூட்ட.
சிரிப்பு கிளம்புமுன்
அவன் சொன்னதைப் பலகையில் எழுதி
"இது எந்தக் கணக்குக்குச் சரியாக வரும்?" என்றேன்.
மீதிப் பாடவேளை அதிலேயே ஓடியது.
பாடத்திட்டம் ஒருநாள் பின்தங்கியது,
பதிவேட்டில் நான் அதைக் காட்டவில்லை.
நீங்களும் காட்ட வேண்டாம்.

பைசால் தூங்குவான்.
காலையில் ஆற்றுப் பனிக்கட்டியை உடைத்துக்
குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறான்.
பத்து நிமிஷம் விடுங்கள்.
பிறகு அதட்டாமல், சாக்பீஸ் வாங்கி வர அனுப்புங்கள்.
அலுவலக அறைப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன்,
பெட்டி நிறைய இருந்தாலும் தருவாள்.

இதைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன்.
"அம்மாவை அழைத்து வா" என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.
குந்துஸிடம் ஒருமுறை சொன்னேன்.
அவள் கைபேசியை நீட்டினாள்.
மாஸ்கோவில் ஏதோ கிடங்கில்
பெட்டி அடுக்கிக்கொண்டே அந்த அம்மா
என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.
மூச்சு வாங்கியது.
எதற்கு மன்னிப்பு என்று அவருக்குத் தெரியாது.
எனக்கும் அதற்குள் மறந்துபோயிருந்தது.

வெளிநாட்டில் பெற்றோர் இருக்கும் பதினொரு பேரின் எண்கள்
சாவிக்கு அடியில்.
நல்ல செய்தி இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள்,
செவ்வாய்க்கு இரண்டு பேர் போதும்.
மாஸ்கோ நமக்கு மூன்று மணி நேரம் பின்னால்.
எடுத்ததும் பயப்படுவார்கள்.
"ஒன்றுமில்லை, கையெழுத்து திருந்தியிருக்கிறது" என்று
முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் நாற்காலியின் பின்கால் ஆடும்.
அது குழந்தைகள் வேலை இல்லை, போன வருஷத்து நோய்.
யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று:
"எஜேகே இப்படித்தான் செய்வாங்க" என்று
எதற்கெடுத்தாலும் உங்களைத் திருத்துவார்கள்.
அதில் பாதி பொய்.
எந்தப் பாதி என்று நீங்கள் கண்டுபிடிப்பதற்குள்
நான் வந்துவிடுவேன்.